வலது பக்கம் பாட்டு, இடது பக்கம் நான்

லேப்டாப்பில் இடம் இல்லை என்று அறிவிப்பு வந்தபோது எனக்குக் கவலை வந்தது, என் வீட்டுக்காரருக்கோ உற்சாகம் பிறந்தது. அவர் ராணுவத்தில் சரக்குக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு மனிதனுக்கு வேண்டிய அத்தனையையும் ஒரே இரும்புப் பெட்டிக்குள் அடக்கிவிடலாம் என்று சொல்லுவார், அடக்கியும் காட்டியிருக்கிறார். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு அலமாரியைத் திறந்தால் என் சேலைகள் அட்டை அட்டையாக மடிந்து நிற்கும். ஒன்றை உருவினால் மறுபடி அதே மாதிரி வைக்க எனக்கு வராது. அப்பேர்ப்பட்ட மனிதரிடம் போய் இடம் போதவில்லை என்று வாய்விட்டுவிட்டேன்.

"நான் பாத்துக்கிடுதேன். நீ போய் டான்ஸப் பாரு" என்றார்.

இரண்டு நாளில் விழா. எனக்கும் வேறு எதையும் பார்க்கத் தெம்பு இல்லை. சரி என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஊரில் எனக்கு மாடி டான்ஸ் அக்கா என்று பெயர். முதலில் மருந்துக்கடை மாடியில் வகுப்பு நடத்தினேன், பிறகு உரக்கடை மாடி, அதற்கும் பிறகு தையல்கடை மாடி. தலைக்கு மேலே தொம் தொம் என்று சத்தம் கேட்கிறது என்று கீழே இருக்கிறவர்கள் சொல்லும்போதெல்லாம் ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த மாடி ஏறுவேன். ஒரு பள்ளிக்கூடத்தில் காலையில் கையெழுத்துப் போட்டு உள்ளே போக வேண்டும், டீச்சர் என்று நாலு பேர் கூப்பிட வேண்டும். எனக்கு இருந்த ஆசை அம்புட்டுதான். சொல்லும்போது சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் தலைமுடி நரைக்கத் தொடங்கின பிறகு எந்த மாடி ஏறினாலும் எனக்கு அந்த நினைப்புதான் வரும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. போய்க் கேட்டேன். தாளாளர் வயதானவர், அதிகம் பேசாதவர். "ஆண்டு விழாவுக்கு எங்க பிள்ளைகள வச்சு ஒண்ணு பண்ணிக் காட்டுங்க. நல்லா வந்துச்சுன்னா ஜூன்ல சேந்துக்கிடலாம்" என்றார். நல்லா வரவில்லை என்றால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குத் தெரியும்.

அதற்காகப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது பின்னல் கோலாட்டம். பயந்தாங்கொள்ளி யாரும் அதைத் தொட மாட்டார்கள். உயரத்தில் இருந்து வண்ணக் கயிறுகள் தொங்கும். ஆளுக்கு ஒரு கையில் கயிற்று நுனி, மறு கையில் கோலாட்டக் கம்பு. பாதிப் பேர் இப்படிச் சுற்ற, பாதிப் பேர் அப்படிச் சுற்ற, உள்ளே வெளியே என்று புகுந்து புகுந்து ஆடினால் கயிறுகள் ஜடை மாதிரி மேலேயிருந்து பின்னிக்கொண்டே வரும். பிறகு அதே ஆட்டத்தைத் திருப்பி ஆடினால் ஜடை அவிழும். யாராவது ஒருத்தி ஒரு தடவை உள்ளே போவதற்குப் பதில் வெளியே போனால் போதும், முடிச்சு விழுந்துவிடும். அதற்கப்புறம் அவிழாது. கூட்டம் பார்த்துக்கொண்டே இருக்கும். இதைத் தெரிந்தே ஏன் எடுத்தேன் என்று பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் என்னை நானே வைதுகொள்வேன். ஆனால் அது நன்றாக வந்துவிட்டால் யாராலும் மறுக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரையில் ஒரு இசைக்காரர் போட்டுக்கொடுத்தது. புல்லாங்குழல், மிருதங்கம், இடையில் இரண்டு பெண்குரல். அதை நான் வலது பக்கத்துக்கு மட்டும் வைத்தேன். இடது பக்கத்தில் என் குரல். முந்தானையில் மைக்கைக் குத்திக்கொண்டு ஒத்திகை நடக்கும்போதே பதிவு செய்தேன். "ஒண்ணு, ரெண்டு, தட்டு, உள்ள போ, வெளிய வா, மாத்து" என்று போகும். ஒத்திகையில் இரண்டு பக்கமும் ஓடவிட்டால் பிள்ளைகள் என் குரலைப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள். மேடையில் இடது பக்க ஒயரைப் பிடுங்கிவிட்டால் பாட்டு மட்டும் கேட்கும். இரண்டு ஃபைல் வேண்டாம், ஒன்றே போதும். இரண்டையும் சேர்த்ததுமே தனிப் பாட்டை அழித்துவிட்டேன். அதுதான் இதற்குள்ளேயே இருக்கிறதே.

ஒத்திகையில் பதிவு செய்ததால் அதில் எண்ணிக்கை மட்டும் இல்லை. "ஏட்டி, தூங்குதியா?" என்று ஒரு இடத்தில் வரும். "கம்பத் தூக்கச் சொன்னா வெளக்குமாறு மாதிரி பிடிக்கியே" என்று ஒரு இடத்தில். அவிழ்க்கும்போது, "அம்புட்டுப் பேரும் ஒரே பக்கம் போனா உருப்பட்ட மாதிரிதான்." பிள்ளைகள் வீட்டில் ஆடிப் பார்க்கட்டும் என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு இதையே அனுப்பியிருந்தேன். ஒரு அப்பா, "நல்லா வையுங்க டீச்சர், நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கா" என்று பதில் போட்டார். பெற்றோர் கேட்பது வேறு, தாளாளர் கேட்பது வேறு. அந்த வசவெல்லாம் வெளியே வராது என்ற தைரியத்தில்தான் வைதேன்.

வியாழக்கிழமை கடைசி ஒத்திகை. இடது ஒயர் இல்லாமல், என் குரல் இல்லாமல், பாட்டை மட்டும் கேட்டுப் பிள்ளைகள் முழுதாகப் பின்னி முழுதாக அவிழ்த்தார்கள். அதை வீடியோ எடுத்து லேப்டாப்பில் ஏற்றப்போனபோதுதான் இடம் இல்லை என்று வந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டுக்காரர் லேப்டாப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. இணையத்தில் இருந்து ஏதோ ஒரு செயலியை இறக்கி, பாட்டுகளின் அளவைக் குறைத்துக்கொண்டிருந்தார். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி உள்ளேயிருந்து சத்தம் வரும். "எட்டு எம்.பி. இருந்தது மூணு ஆயிருச்சு." அரிசி களைந்துகொண்டிருந்த நான் எழுந்துபோய், "பாட்டு ஒண்ணும் ஆயிராதுல்ல?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாது. நம்ம காதுக்குக் கேக்காததத்தான் எடுக்குமாம்."

எனக்கு அது பிடிபடவில்லை. காதுக்குக் கேட்காதது என்று யார் முடிவு செய்வது? அவர் காதுக்கா, என் காதுக்கா? ஆனால் கேள்வி கேட்டால் அவருக்கு முகம் சுண்டிவிடும். நல்லது செய்துகொண்டிருக்கிற மனிதரை எத்தனை தடவை சந்தேகப்படுவது? இருந்தாலும் சாயங்காலம் கோலாட்டப் பாட்டை மட்டும் லேப்டாப்பிலேயே போட்டுக் கேட்டேன். பாட்டும் கேட்டது, நானும் கேட்டேன். இரண்டும் சேர்ந்து கேட்பதுதான் எப்போதும் உள்ளது. கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி தோன்றியது. எனக்குத்தான் சளி என்று நினைத்துக்கொண்டேன். பென்டிரைவில் ஏற்றிப் பையில் போட்டேன். படுக்கும் முன்னால் பைக்குள் கைவிட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானமே ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டேன். மைதானத்தில் பந்தல் போட்டு நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மேடை நடுவில் கம்பியில் கயிறுகளைக் கட்டி, ஒவ்வொன்றையும் தொங்கிப் பார்க்காத குறையாக இழுத்துப் பார்த்தேன். சவுண்ட் சர்வீஸ்காரரிடம் பென்டிரைவைக் கொடுத்து, இடது ஒயர் வேண்டாம் என்றேன். பிடுங்கினார். பாட்டு தொடங்கியது. முன்னிசை முடிந்து மிருதங்கம் விழுகிற இடத்தில், பந்தல் முழுக்க என் குரல் கேட்டது.

"ஏட்டி, தூங்குதியா?"

நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒயரை மாற்றிப் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். மாற்றச் சொன்னேன். மாற்றினார். அப்போதும் நான்தான். இரண்டையும் செருகி, ஒவ்வொன்றாகப் பிடுங்கி, திரையில் ஏதோ பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கு மேடம். மோனோவாக்கிட்டாக" என்றார்.

"அப்படின்னா?"

"ரெண்டையும் ஒண்ணாக் கலந்து ஒரே சத்தமா ஆக்கிருக்காக. எடம் பாதி மிச்சமாகும்."

"பிரிக்க முடியாதா?"

"காப்பியில போட்ட சீனியத் திரும்ப எடுக்க முடியுமா, மேடம்?"

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். விழாவுக்கு வருவதற்காகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பழைய ஃபைல் எங்கே என்று கேட்டேன். "எதுக்கு ரெண்டு ரெண்டா வைக்கணும்? மாத்தினதும் பழசத் தானே அழிச்சிருச்சு" என்றார். குரலில் இன்னும் அந்தப் பெருமை இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ஒரே பாட்டுக்கு ரெண்டு காதுக்கும் தனித்தனியா எதுக்குன்னு நெனச்சேன்" என்றார். அவரைத் திட்ட அப்போது நேரம் இல்லை, போனை வைத்தேன்.

மதுரை இசைக்காரரைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் எந்த இசைக்காரர் போன் எடுப்பார்? என் போனில் இருந்ததைப் போன மாதமே அழித்திருந்தேன், லேப்டாப்பில்தான் இருக்கிறதே என்று. வாட்ஸ்அப் குழுவைத் திறந்து, அன்றைக்கு அனுப்பியதைத் தேடிப் பிடித்துத் தட்டினேன். ஃபைல் இல்லை, மறுபடி அனுப்பச் சொல்லுங்கள் என்றது. அனுப்பியவளே நான்தான். வியாழக்கிழமை எடுத்த வீடியோவிலோ பாட்டைவிடப் பிள்ளைகள் கம்பு தட்டுகிற சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

இனி பெற்றோர் போன்தான் கதி. அதற்குள் பிள்ளைகள் கொண்டை போட்டு, கண்ணுக்கு மை வைத்து வந்துகொண்டிருந்தார்கள். அவர்களோடு அம்மா, அப்பா, சித்தி என்று ஒவ்வொருவராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நான் ஒவ்வொருவரிடமும் போய் நின்றேன். பாட்டு அனுப்பினேனே, இருக்கா?

"அய்யோ, போன வாரந்தான் அழிச்சேன் டீச்சர். போட்டோ எடுக்கவே எடம் இல்ல."

"அது அப்பமே போயிருச்சே. எப்படியும் உங்ககிட்ட இருக்கும்னு நெனச்சேன்."

"இன்னைக்கு வீடியோ எடுக்கணுமேன்னு காலையிலதான் எல்லாத்தயும் தொடச்சேன் டீச்சர்."

தன் பிள்ளை ஆடுவதைப் படம் பிடிக்க இடம் வேண்டும் என்று அவள் ஆடப்போகிற பாட்டையே அழித்திருக்கிறார்கள். கோபப்பட எனக்கு வழி இல்லை. எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்திருந்தேன். நம்மிடம் இல்லாவிட்டால் என்ன, இன்னொருத்தரிடம் இருக்கும். ஒவ்வொரு வரிசையாகப் போனேன். முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு கேட்டேன். தாளாளர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் சிறப்பு விருந்தினருக்கு நாற்காலியில் துண்டு விரித்து வைத்திருந்தார்கள். அந்த இரண்டு பேர் காதிலும் என் வெளக்குமாறு விழப்போகிறது. பாட்டே இல்லாமல் ஆடவைக்கலாமா, வேறு பாட்டுக்கு ஆடவைக்கலாமா? எண்ணிக்கை தப்பும், முடிச்சு விழும். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறலாமா என்றுகூட யோசித்தேன். தையல்கடைக்காரர் மாடியை மாசக் கடைசியில் காலி பண்ணச் சொல்லியிருந்தார்.

கடைசி வரிசையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பால்கோவா கடையில் பெட்டி கட்டுகிறவர். வேலையில் இருந்து நேரே வந்திருந்தார், சேலையில் பால் காய்ச்சின வாசனை. அவரிடம் நான் கேட்கவே இல்லை, தாண்டிப் போனேன். கேட்காததற்குக் காரணம் இருந்தது. அவர் மகள் முதலில் கோலாட்டத்தில் இருந்தவள். ஏழு ஜோடி வைத்துத்தான் ஆரம்பித்தோம். அவளோடு ஜோடி சேர்ந்த பிள்ளையின் அப்பா போலீஸ்காரர். மாற்றலாகி, குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். பின்னல் கோலாட்டத்தில் ஒற்றைப்படை ஆகாது. எதிர்ச்சுற்றில் ஆள் இல்லாமல் ஒருத்தி மட்டும் சுற்றினால் பின்னல் கோணும். புதிதாக ஒருத்தியைப் பழக்க நாள் இல்லை. அதனால் அந்தப் பிள்ளையை நிறுத்தினேன். ஆட்டத்தின் கணக்கு அப்படி என்று அவளிடம் சொன்னபோது தலையாட்டினாள். இன்றைக்கு அவளுக்கு வாசலில் பன்னீர் தெளிக்கிற வேலை கொடுத்திருந்தார்கள். ஆடாத பிள்ளையின் அம்மாவிடம் ஆடுகிற பாட்டு எதற்கு இருக்கப்போகிறது?

அவராகத்தான் கூப்பிட்டார். "டீச்சர், எல்லார்ட்டயும் என்னமோ கேக்கீகளே, என்னது?"

சொன்னேன்.

"எங்கிட்ட இருக்கே" என்றார்.

நான் நம்பவில்லை. அவர் முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு போனைத் திறந்து காட்டினார். இருந்தது. நான் அன்றைக்கு அனுப்பிய அதே ஃபைல், பழைய கனத்தோடு.

"அழிக்க விட மாட்டேங்கா, டீச்சர். போன்ல எடமே இல்ல. எங்க தம்பி கல்யாணப் போட்டோ, வீடியோ அம்புட்டையும் அழிச்சாச்சு. இதத் தொட்டா மட்டும் அழுதுருவா. தெனமும் நான் வந்ததும் போனப் பிடுங்கிக்கிட்டு இதப் போட்டுத்தான் ஆடுதா. எதுத்தாப்புல தட்ட ஆள் இல்லல்ல? கதவு நெலையில தட்டுவா. நெலையில பெயிண்டெல்லாம் போச்சு."

நன்றி என்று சொன்னேனா என்பதுகூட ஞாபகம் இல்லை. போனை வாங்கிக்கொண்டு சவுண்ட் சர்வீஸ்காரரிடம் ஓடினேன். செருப்பு ஒன்று கழன்று வழியிலேயே கிடந்தது. அவர் ஒயரைச் செருகி, ஃபைலைத் தன் கம்ப்யூட்டருக்கு ஏற்றி, இடது பக்கத்தைப் பிடுங்கினார். புல்லாங்குழல் வந்தது. மிருதங்கம் விழுந்தது. என் குரல் இல்லை. இன்னொரு தடவை போடச் சொன்னேன். அப்போதும் இல்லை.

ஆட்டம் நடந்த நேரம் முழுக்க நான் மேடை ஓரத்தில் நின்றேன். உள்ளே, வெளியே, மாத்து என்று உதடு தானாக அசைந்தது. ஜடை இறங்கி இறங்கிப் பிள்ளைகளின் தலை உயரத்துக்கு வந்தபோது கூட்டம் கை தட்டியது. எனக்கு அப்போதுதான் பயம் கூடியது, அவிழ்ப்பதில்தான் தப்பு வரும். ஒரு பச்சைக் கயிறு ஒரு நொடி தயங்கியது. தயங்கினவள் பக்கத்தில் இருந்தவள் தோளால் இடித்து அவளை உள்ளே தள்ளினாள். அதற்குப் பிறகு எதுவும் ஆகவில்லை. கயிறுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து நேராகத் தொங்கின. நான் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போது தாளாளர் மேடைப் பக்கம் வந்தார். "நல்லா இருந்துச்சு. ஜூன்ல வந்துருங்க, டீச்சர்" என்றார். டீச்சர் என்று அவர் வாயால் சொன்னதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் இஸ்திரி கலையாத சட்டையோடு நின்ற வீட்டுக்காரர், யாரோ தன்னைப் பாராட்டின மாதிரி அவரைக் கும்பிட்டார். தாளாளர் போனதும் என்னிடம் மெதுவாக, "எடம் மிச்சமாகட்டும்னுதான் செஞ்சேன்" என்றார். "தெரியும்" என்றேன். வீட்டுக்குப் போய் வையலாம் என்று வைத்திருந்தது பாதிக்கு மேல் அப்போதே போய்விட்டது. அன்றைக்கு மாதிரி சந்தோஷமாக நான் இருந்தது ரொம்பக் குறைவு.

கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளை வந்தாள். பட்டுப் பாவாடையில் பன்னீர் சொட்டி ஈரமாக இருந்தது.

"டீச்சர், அம்மா போன்."

பையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், ஆனால் போகவில்லை.

"பாட்டு இதுலயே இருக்குல்ல டீச்சர்? நீங்க எடுத்தப்ப அழிஞ்சுறலையே?"

"இல்லம்மா. அப்படியே இருக்கு."

என் சொல்லை அவள் நம்பவில்லை. அங்கேயே நின்று போனைத் திறந்து, தேடி, தட்டி, காதோடு வைத்துக்கொண்டாள். நாற்காலி மடக்குகிற சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது, இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டாள். முன்னிசை முடிகிற வரைக்கும் அப்படியே நின்றாள். பிறகு, "இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அம்மாவைப் பார்த்து ஓடினாள்.

ஜூனில் உனக்கு ஒரு ஜோடி பார்க்கிறேன் என்று கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன். நான் வேலைக்காக அத்தனை பேர் போனிலும் தேடி அலைந்த அந்தப் பாட்டைத் தவிர, அந்தப் பிள்ளைக்கு நான் வேறு எதையும் விட்டுவைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.